அந்துருண்டை அந்துக்குத்தான்: பூஞ்சணம் பற்றிய கேள்விகள்

பீரோவில் அந்துருண்டை நிறையப் போட்டு, பட்டுப்புடவைகளைக் கடை கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே வைத்திருந்தேன். கார்த்திகையில் எடுத்தால் மடிப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. உருண்டை போலியா? (நாகப்பட்டினம் வாசகி)

உருண்டை மேல் குற்றமில்லை. பெயரே சொல்கிறதே, அந்துக்கு உருண்டை! பூச்சியை விரட்டும், காற்றின் ஈரத்தில் ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. எத்தனை முறை எழுதினாலும் மழை பிடித்தால் இதே கடிதம்தான். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றாலே பூஞ்சணம் கிளம்பிவிடும். அடைமழையில் கடலோரத்தில் 80க்கு மேல் சர்வசாதாரணம். பிளாஸ்டிக் கவர் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. வியர்வையும் பாயசக் கறையும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

இப்போது செய்ய வேண்டியது: என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, புடவையை வீட்டுக்கு வெளியே நிழலில் விரியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் ஒரே பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். அப்புறம் டிரைகிளீனிங், எங்கே கறை என்று காட்டிக் கொடுங்கள். பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள், பட்டு நூலே அரித்துப்போகும். துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழையில்லாத நாளாகப் பார்த்து, மடிப்பை மாற்றுங்கள். உருண்டை போட்டே தீருவேன் என்றால் துணியில் முடிந்து, ஜரிகையில் படாமல் மேல்தட்டில் வையுங்கள். காயாததை மூடாதீர்கள்.

ஷூவில் பூஞ்சணம். என்ன செய்வது?

தோலா, துணியா? அதைக்கூட எழுதவில்லை. தோல் என்றே வைத்துக்கொள்கிறேன். வெளியே கொண்டுபோய்த் துடைத்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றுங்கள். நிறம் போகிறதா என்று முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் பாருங்கள். 99 சதவீதம் வேண்டாம், வேலை செய்யுமுன் ஆவியாகிவிடும். இரண்டு நாள் நிழலில் வைத்து, பிறகு பாலிஷ். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளை மறுபடி பயன்படுத்தலாமா?

தாராளமாக. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கும், ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள். ஷூ டப்பாவோடு வந்த இரண்டு பொட்டலத்தைப் பீரோவில் போட்டுவிட்டுப் பலனில்லை என்று எழுதாதீர்கள். ஜெல்லுக்கு மூடி இறுகிய டப்பா வேண்டும்.

கேமரா லென்ஸுக்குள் சிலந்திவலை போல இருக்கிறது. வெயிலில் வைத்தால் போய்விடுமா?

போகாது. செத்த பூஞ்சணமும் அங்கேயேதான் இருக்கும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடி மேலுள்ள பூச்சை அரித்துவிட்டால் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. இந்த வாரமே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இனிமேல் காற்றுப்புகாத டப்பாவில் 40, 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். தோல் பையில் வேண்டவே வேண்டாம்.

ஈரப்பதமானி மழையிலும் 58 காட்டுகிறது. நம்பலாமா?

சோதித்துப் பாருங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர். மானியோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப்புகாமல் மூடி, ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 65 காட்டினால், இனிமேல் 10 கூட்டிப் படியுங்கள்.

ஆல்பத்துப் படங்களை ஈரத்துணியால் துடைக்கலாமா?

கூடாது. படத்தின் மேல்படலம் ஜெலட்டின்; பூஞ்சணம் தின்ற பிறகு அது தண்ணீர் பட்டால் கரையும். முகம் துணியோடு வந்துவிடும். காயவைத்து, உலர்ந்த தூரிகையால் மட்டும்.

அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. பிளீச்சிங் பவுடரோடு வினிகர் கலந்து அடிக்கலாமா?

ஐயோ, குளோரின் வாயு கிளம்பும்! ஏதாவது ஒன்று போதும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. சுவர் காய்ந்த பிறகு அலமாரியை நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். வெளிச்சுவர் என்றால் எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று பாருங்கள். அதை அடைக்காமல் எதை அடித்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.