தட்டைப் பூமியில் சூரியன் எப்படி ஓடுகிறது? சேலத்து வாசகர்களுக்குப் பதில்கள்

நிழலில்லா நாளைப் பற்றி (உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால் நட்ட குச்சிக்கு நிழலே விழாத நாள்) எழுதியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி தட்டைப் பூமிக்காரர்களின் சூரியனைப் பற்றியே கேட்கின்றன. பதில் சொல்லும் முன் வழக்கமான எச்சரிக்கை: எந்தச் சோதனைக்காகவும் சூரியனை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், பழைய சிடி எதுவும் ஆகாது.

அவர்கள் சொல்லும் சூரியன் எப்படித்தான் நகர்கிறது? வகுப்பில் பேச வேண்டும். (பிளஸ் ஒன் மாணவி, ஓமலூர்)

பூமி ஒரு வட்டத் தட்டு. நடுவில் வடதுருவம், ஓரத்தைச் சுற்றி அண்டார்டிகா என்ற பனிச்சுவர். சூரியன் சுமார் 4,800 கி.மீ. உயரத்தில், 50 கி.மீ. குறுக்களவில், தட்டுக்கு இணையாக நாளுக்கு ஒரு வட்டம் அடிக்கிறது. ஜூனில் கடகரேகைக்கு மேல் சிறிய வட்டம், டிசம்பரில் மகரரேகைக்கு மேல் பெரிய வட்டம். ஒளி ஸ்பாட் லைட் போலக் கீழே மட்டும் விழுமாம். சின்ன வட்டத்தின் சுற்றளவு 46,000 கி.மீ., பெரியது 79,000 கி.மீ. இரண்டையும் அதே 24 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வருடா வருடம் வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது எது என்று கேளுங்கள், பதில் வராது. உயரத்திலும் ஒற்றுமை இல்லை. இந்தக் கொள்கையை 1849-இல் கிளப்பிவிட்ட இங்கிலாந்துக்காரர் சாமுவேல் ரோபோதம், சூரியன் 700 மைலுக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது என்றார். மேலே சொன்ன 4,800 கி.மீ., அதாவது 3,000 மைல், என்பது பிற்பாடு அமெரிக்கப் பிரசங்கி வில்பர் வோலிவா சொன்ன கணக்கு.

சூரியன் மறைவதில்லை, தூரமாகப் போவதால் அப்படித் தெரிகிறது என்கிறாரே என் மாமா? (சூரமங்கலம்)

மாமாவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மார்ச் 21-ஐ ஒட்டிய சம இரவு நாள், மாலை 6 மணி, சேலம். அவர்கள் வரைபடப்படி சூரியன் நம்மிடமிருந்து கிடைமட்டமாக 13,000 கி.மீ. சொச்சம் தள்ளி, 4,800 கி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கோணம் 20 டிகிரி வருகிறது. கையை நீட்டி, முஷ்டி மேல் முஷ்டி வைத்தால் வரும் உயரம். நடு இரவில்கூட 14 டிகிரிக்குக் கீழே இறங்காது. அப்புறம், மாலைச் சூரியன் உச்சிச் சூரியனில் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்திருக்க வேண்டும். உண்மையில் காலையிலும் மாலையிலும் அதே அரை டிகிரிதான்.

சூரியன் சிறுத்துக்கொண்டே போகும் வீடியோ அனுப்பியுள்ளேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (அம்மாபேட்டை)

எங்கே எடுத்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசை? ஒன்றும் எழுதவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் இப்படித்தான் வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன்: அந்த வீடியோவில் சிறுப்பது சூரியன் இல்லை, அதைச் சுற்றிய கூசல். மாலையில் காற்றும் தூசியும் வெளிச்சத்தைக் குறைக்க, கூசல் சுருங்குகிறது. லென்சுக்கு முன்னால் முறையான சூரிய வடிகட்டி போட்டு, உச்சியில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்து அளந்து பாருங்கள். வடிகட்டி இல்லாமல் எடுத்த எதையும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம்.

சேலத்தைவிட ஏற்காட்டில் சூரியன் தாமதமாக மறைவது ஏன்? (காபித் தோட்ட ஊழியர், ஏற்காடு)

சேலத்துச் சமவெளியைவிட நீங்கள் 1,200 மீட்டர் மேலே இருக்கிறீர்கள். அதனால் உங்கள் தொடுவானம் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்குகிறது, மறைவு நான்கைந்து நிமிடம் தள்ளிப்போகிறது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மேற்கே மேட்டூர்ப் பக்கத்து மலைகள் குறுக்கே வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மேகத்துக்கிடையே கதிர்கள் விசிறி போல விரிகின்றனவே, சூரியன் பக்கத்தில்தானே இருக்கிறது? (ஆத்தூர்)

சேலம் ஜங்ஷன் தண்டவாளமும் இணையாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் தூரத்தில் ஒன்று சேர்வதாகத்தான் தெரியும். கதிர்களும் அப்படித்தான். அடுத்த முறை அப்படியே திரும்பிக் கிழக்கே பாருங்கள். சில நாட்களில் அதே கதிர்கள் அங்கே மறுபடி குவிவது தெரியும். அங்கே இன்னொரு சூரியனா இருக்கிறது?

நம் முன்னோர்கள் சூரியன் மேருவைச் சுற்றுவதாகச் சொன்னார்கள். தட்டைப் பூமி நம் பாரம்பரிய அறிவியல் என்று ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்? (வாழப்பாடி)

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முன்னோர் என்றால் ஒரே ஆள் இல்லை. புராணங்கள் மேருவைச் சொன்னது உண்மை. மேரு மறைப்பதால் இரவு என்று ஒரு காரணமாவது அதில் இருந்தது. இன்றைய தட்டைக்காரர்களிடம் அந்த மலையும் கிடையாது. ஆனால் அதே மண்ணில், கி.பி. 499-இல் ஆரியபட்டர் பூமி உருண்டை என்றும், அது தன்னைத்தானே சுழல்கிறது என்றும் எழுதிவிட்டார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவதாகத் தெரிவதுபோல நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்பது அவர் சொன்னது.

இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் சித்தாந்த சிரோமணியில் மேருக் கணக்கை நேராகவே மடக்குகிறார். பூமி கண்ணாடி போல மட்டமாக இருந்தால், மேலே சுற்றும் சூரியன் தேவர்களுக்குத் தெரிவதுபோல மனிதர்களுக்கும் ஏன் எப்போதும் தெரிவதில்லை? மேருதான் மறைக்கிறது என்றால், குறுக்கே நிற்கும் அந்த மலை ஏன் கண்ணில் படுவதில்லை? மேரு வடக்கே இருக்கும்போது, பாதி வருடம் சூரியன் தெற்கே தள்ளி உதிப்பது எப்படி?

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதைச் சேலத்தில் மொட்டை மாடியில் நின்றே சோதிக்கலாம். தட்டை வரைபடப்படி சம இரவு நாளில் நமக்குச் சூரியன் உதிக்க வேண்டியது ஈசானி மூலையில், கிட்டத்தட்ட சேர்வராயன் மலைப் பக்கம். மார்கழியிலும் வடகிழக்கைத் தாண்டாது. நீங்கள் வாசலில் கோலம் போடும் நேரத்தில் பார்க்கும் மார்கழிச் சூரியனோ நேர்கிழக்குக்கு 24 டிகிரி தெற்கே உதிக்கிறது. பாரம்பரியத்தைத் தூக்கிப்பிடிக்க ஆசையிருந்தால் பாஸ்கரரைப் பிடியுங்கள். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சரக்கை வாங்கி அதற்கு விபூதி பூசி நம்முடையது என்று சொல்லாதீர்கள்.

நிழலை அளந்து சூரியனின் உயரத்தைக் கண்டுபிடிக்கலாமா? எரட்டோஸ்தனிஸ் சோதனை தட்டைப் பூமிக்கும் பொருந்தும் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், சேலம்)

நல்ல கேள்வி. எரட்டோஸ்தனிஸ் என்ற பழங்காலக் கிரேக்க அறிஞர் இரண்டு ஊர்களின் உச்சிவேளை நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். இரண்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டால் அது தட்டைக்கும் பொருந்தும். மூன்றாவது ஊரைச் சேர்த்தால் கணக்கு உடையும். சேலத்தில் நிழலில்லா நாளன்று உச்சியில் டெல்லியில் சூரியன் தலைக்கு நேரிலிருந்து 17 டிகிரி சாய்ந்திருக்கும். தூரம் 1,880 கி.மீ. பூமி தட்டை என்று வைத்தால் சூரியனின் உயரம் சுமார் 6,150 கி.மீ. வரும். இன்னும் வடக்கே சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரத்தில் அவர்களுடைய உச்சிவேளையில் அளந்தால் 43 டிகிரி. உயரம் 5,100 கி.மீ. வடக்கே போகப் போக இன்னும் இறங்கும். ஒரே நாளில் ஒரே சூரியனுக்கு எத்தனை உயரம்? உருண்டை என்று வைத்தால் பூமியின் சுற்றளவுக்கு எல்லா ஊரும் ஒரே விடையைத் தரும். குச்சியை நேராக நட, தூக்குக்குண்டு கட்டுங்கள். நிழலைப் பாருங்கள், சூரியனைப் பார்க்காதீர்கள்.

அண்டார்டிகாவில் 24 மணி நேரச் சூரியன் என்பது பொய்யாமே? (மேட்டூர்)

இந்தியாவின் மைத்ரி நிலையத்தில் 1989 முதல் நம் ஆட்கள் கோடையில் ஏறக்குறைய இரண்டு மாதம் அதைப் பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் தட்டை என்பவர்கள், உருண்டை என்பவர்கள் என இரு தரப்பாரும் அண்டார்டிகாவுக்கே போய்ப் பார்த்தார்கள். போன தட்டைக்காரர்களில் பெயர்பெற்ற ஒருவரே சூரியன் மறையவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஜூன் மாதம் மதியம் என் நிழல் தெற்கே விழுகிறது. திசைகாட்டி கெட்டுவிட்டதா? (ஹஸ்தம்பட்டி)

இல்லை. ஏப்ரல் 21 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சேலத்தில் உச்சிச் சூரியன் வடக்கே இருக்கும். ஜூனில் நம் உச்சிவேளை 12 மணிக்கு இல்லை, 12.15-ஐத் தாண்டித்தான். அடுத்த முறை தேதியோடு எழுதுங்கள்.