1968 யமஹா டிடி-1 பைக்கைச் சீரமைத்து வீட்டுக்குள் காட்சிக்கு வைப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கராஜில் பல வருடம் கிடந்த 1968 யமஹா டிடி-1 கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் சுற்றவில்லை, டேங்குக்குள் துரு. ஓட்டும் எண்ணம் இல்லை, ஹாலில் நிறுத்த ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

பெயிண்டில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பழைய வண்டி கிடைத்ததும் பலரும் உப்புத்தாளைத்தான் முதலில் எடுக்கிறார்கள். டிடி-1 டேங்கின் நிறம் முத்து வெள்ளை. அந்த வகை வெள்ளையைக் கொண்டுவர அடியில் வெள்ளை, அதன்மேல் முத்துத்தூள் கலந்த மெல்லிய கோட், அதற்கும் மேல் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) வேண்டும். கலர் கார்டைப் பார்த்து ஒரே கோட்டில் அடித்தால் ஃபிரிட்ஜ் கதவு மாதிரிதான் இருக்கும். டேங்கில் பாதிக்கு மேல் கம்பெனி பெயிண்ட் மிச்சம் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. சோப்புத் தண்ணீரில் கழுவி, மிக மெல்லிய பாலிஷ் ஒரு தடவை போட்டு, மெழுகு பூசினால் போதும். உரித்துவிட்டு ஒரிஜினல் வேண்டும் என்று பிறகு நினைத்தால் கிடைக்காது. பெயிண்ட் அடித்தே ஆகவேண்டும் என்றால், சீட்டுக்கு அடியில் வெயில் படாத பகுதியில்தான் உண்மையான நிறம் தெரியும். அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.

கழற்றும் முன் 100 போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக வயர்களும் கேபிள்களும் எந்த வழியாகப் போகின்றன என்பதை. இந்த வண்டியின் சட்டத்திலும் எஞ்சினிலும் ஒரே நம்பர் இருக்கவேண்டும், அதையும் படம் பிடியுங்கள். சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் நம்பர் வெட்டிய இடம், மரைகள், ஹேண்டில் பேரிங் உட்காரும் இடம் மூன்றையும் மறைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட் தடிமனானது. நம்பரை மூடிவிடும், பேரிங் கிண்ணமும் உள்ளே போகாது. ஹேண்டில் தண்டை இறக்கும்போது கீழே ஒரு துணி விரித்திருக்கட்டும். உள்ளே இருப்பவை தனித்தனிக் குண்டுகள், ஒவ்வொன்றாக உருண்டு ஓடும்.

ஸ்க்ரூக்களைப் பொறுத்தவரை ஒரு விஷயம். எஞ்சின் கவரில் இருக்கும் நட்சத்திரத் தலைகள் ஜப்பானியத் தரத்தில் வெட்டியவை. நம் கையில் இருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராது, திருகியதும் ஏறி வெளியே வந்து தலையை மழுக்கிவிடும். அந்த ஜப்பானியத் தரத்துக்கான ஜேஐஎஸ் முனை வாங்குங்கள், கூடவே சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவரும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே விட்டுவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது எஞ்சின். 246 சிசி, ஒற்றை சிலிண்டர், 2-ஸ்ட்ரோக். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 64 மி.மீ. வால்வே இல்லை, பிஸ்டனே மேலும் கீழும் போய் வழிகளைத் திறந்து மூடுகிறது (உள்ளே போகும் வழியில் மெல்லிய தகடாக இருக்கும் ரீட் வால்வு 1972இல் டிடி-2 உடன்தான் வந்தது). அதனால் வண்டி நிற்கும்போது ஏதோ ஒரு வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஈரக்காற்று சைலன்சர் வழியாகவோ ஏர் ஃபில்டர் வழியாகவோ உள்ளே போய், பிஸ்டன் வளையத்தையும் இரும்பு ஸ்லீவையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். உங்கள் எஞ்சின் சுற்றாததற்கு அநேகமாக அதுதான் காரணம்.

கிக்கர்மேல் ஏறிக் குதிக்காதீர்கள். பிஸ்டன் அசையுமுன் கிக்கர் பல்சக்கரம் உடையும். பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து 50 மி.லி. ஊற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், தீயும் பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். பிறகு எஞ்சினின் இடப்பக்கம் கிராங்க் தண்டின் நுனியில் இருக்கும் மேக்னட் (காந்தச் சக்கரம்) நட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். அசையவே இல்லையா, ஹெட்டைக் கழற்றி மறுபடி ஊற்றுங்கள். பிஸ்டனைத் தட்டவேண்டி வந்தால் நடுவில் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டலாம், இரும்பு கூடவே கூடாது. மேக்னட்டைக் கழற்ற அதற்கான புல்லர்தான் வேண்டும். சுத்தியலால் அடித்தால் கிராங்க் கோணும்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை வரும். ஹாலுக்குப் போகிற வண்டிக்கு அது அவசியமில்லை. செய்வதானால் இந்தக் கட்டத்திலேயே செய்துவிடுங்கள், பெயிண்டும் மெழுகும் முடிந்த பிறகு வேண்டாம். முதலில் கிராங்கின் இரண்டு ஆயில் சீல்களையும் மாற்றவேண்டும், இத்தனை வருடத்தில் அவை காய்ந்திருக்கும். இடப்பக்கச் சீல் கசிந்தால் காற்று புகுந்து கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வலப்பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். இந்த வண்டியில் ஆட்டோலூப் என்ற தனி ஆயில் பம்ப் உண்டு. குழாயில் காற்று நின்றிருந்தால் எஞ்சினுக்கு ஆயிலே போகாது. ஆகவே பம்பை நம்பாமல் முதல் தடவை லிட்டர் பெட்ரோலுக்கு 50 மி.லி. 2டி ஆயில் (2-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்து ஊற்றுங்கள். புகையும், பரவாயில்லை. மிக்குனி கார்புரேட்டரின் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும். மலிவான ரிப்பேர் கிட் வாங்கினால் வாஷர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய பித்தளை ஜெட்களையே போடுங்கள்.

டேங்குத் துருவுக்கு சிட்ரிக் ஆசிட்: லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், 24 மணி நேரம். ஊற்றுமுன் டேங்கின் வெளிப்பக்கத்தைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடுங்கள், சொட்டினால் பெயிண்ட் வெளுக்கும். பெட்ரோல் காக்கைக் கழற்றி அந்த ஓட்டையை அடைக்கவேண்டும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே ஹேர் டிரையரால் காயவைத்து, கொஞ்சம் 2டி ஆயில் விட்டுக் குலுக்குங்கள். தாமதித்தால் அரை மணி நேரத்தில் புதுத்துரு மஞ்சளாகப் படியும். கழிவறை ஆசிட் பக்கமே போகாதீர்கள், அது துருவோடு தகட்டையும் தின்னும். காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு உள்பூச்சு தேவையில்லை.

குரோம் ரிம்மில் மேலோட்டமான துரு என்றால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது மட்டும் கவனம். அந்தக் காலத்து பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், துணியையும் பைக்குள் கட்டிப் போடுங்கள்.

வீட்டுக்குள் கொண்டுவருமுன் டேங்க், கார்புரேட்டர் கிண்ணம் இரண்டிலும் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது. மூடியைத் திறந்தபடி ஒரு வாரம் வெளியில் வையுங்கள், வாசனை போகவேண்டும். 6 வோல்ட் பேட்டரியை எடுத்துவிடுங்கள். சைலன்சரைக் கழற்றி வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டால் பழைய கறுப்பு எண்ணெய் நாள்கணக்கில் வடியும். இதைச் செய்யாதவர் வீட்டுத் தரையில் ஒரு மாதம் கழித்துக் கறை தெரியும். பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டு எஞ்சினைச் சுற்றி, சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் துணியால் அடைத்துவிடுங்கள். முன்னே சொன்ன ஈரக்காற்றுக்கு இதுதான் தடுப்பு.

அளவை முதலிலேயே பாருங்கள். நீளம் ஏறத்தாழ 2,060 மி.மீ., ஹேண்டில் அகலம் 890 மி.மீ., எடை 112 கிலோ அளவு. வீட்டு உள்கதவுகள் பல 760 மி.மீ.தான். ஹேண்டில் கிளாம்ப்பைத் தளர்த்தித் திருப்பிக்கொண்டு வரவேண்டியிருக்கும், கேபிள்கள் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். எடையைத் தரை தாங்கும், கறையைத் தாங்காது. டயர் ரப்பரிலிருந்து வரும் பொருள் வினைல் தரையிலும் வெளிர் கல்லிலும் போகாத பழுப்புக் கறை விடும். ரப்பர் மேட்டும் அதையேதான் செய்யும். 18 மி.மீ. பிளைவுட் துண்டு வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். எஞ்சினுக்கு அடியில் மரத்தாங்கி கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கிவிட்டால் டயர் தட்டையாகாது. ஆனால் அப்படி நிற்கும் வண்டியைக் குழந்தை பிடித்து ஏறினால் சாயும். சட்டத்தின் பின்பகுதியிலிருந்து சுவரின் உள்மரச்சட்டத்துக்கு ஒரு பட்டையைப் போட்டுக் கட்டுங்கள், வண்டிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், சீட்டும் பின்விளக்குக் கண்ணாடியும் வெளுக்கும். டயருக்குப் பளபளப்பு ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதிலிருக்கும் சிலிக்கோன் பக்கத்துப் பாகங்களில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது மீன்கண் மாதிரிக் குழி விழும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை துணியை எடுத்து, மேக்னட் நட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடைத்துவிடுங்கள்.