கடல் தண்ணீர் பட்டால் தடிப்பு, வீட்டில் யாரும் நம்பவில்லை

மேடம், வணக்கம்.

உங்களுக்கு எழுதச் சொன்னதே என் கணவர்தான். "உன் தோலில் ஒன்றும் இல்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது. யாரிடமாவது பேசு" என்றார். அந்தக் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் சூடு தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முப்பது வயது ஆகப்போகிறது. ஆறு வயதில் ஒரு மகள். நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். கல்யாணத்துக்கு முன் நான் கடலில் இறங்கியதே அபூர்வம், அதனால் இப்படி ஒன்று எனக்கு இருப்பது அப்போது தெரியாது. கடல் தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து, தாடை ஓரம், நெஞ்சின் மேல்பகுதி எல்லாம் குண்டூசித் தலை அளவில் தடிப்புகள் கிளம்பும். சுற்றிலும் சிவந்துவிடும். அரிப்பு தாங்காது. நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் பாதி அடங்கியிருக்கும். ஒரு மணி நேரத்தில் தடமே இருக்காது. வீட்டில் குளிக்கும்போது வந்ததில்லை, மழையில் நனைந்தாலும் வந்ததில்லை.

டாக்டரிடம் போனேன். போகும்போது தோல் பளிச்சென்று இருந்தது. கையில் ஊசியால் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அந்த ரிப்போர்ட்தான் பேசுகிறது. "கடலோரம் வாழ வந்தவளுக்குக் கடல் தண்ணீர் ஆகாதாம்" என்று அத்தை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நிரூபித்துவிடலாம் என்று ஒரு நாள் உப்பைக் கரைத்து, துணியை நனைத்து கழுத்தில் சுற்றிக்கொண்டேன். தடிப்பு வந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தேய்த்தால் யாருக்கும்தான் சிவக்கும்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

மகள் கையைப் பிடித்து இழுத்தால், "அம்மாவுக்குக் கடல் பிடிக்காதுடா" என்று தள்ளி நின்றுவிடுவேன். இப்போது அவளும் "எனக்கும் கடல் பிடிக்காது" என்கிறாள். அது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். கண்ணீரும் வியர்வையும் உப்புத்தானே என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. வியர்த்தால் உடனே துடைக்கிறேன், நடைப்பயிற்சியை விட்டுவிட்டேன், அழுகை வந்தால் அடக்கிக்கொள்கிறேன். அவற்றால் ஒரு முறைகூடத் தடிப்பு வந்ததில்லை. ஆனாலும் பயம். போன முறை கரையில் நின்றிருந்தபோது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே படவில்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது. என் கணவர் சொல்வது சரிதானோ?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது, மன்னிப்பெல்லாம் தேவையில்லை. கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அவர் சொல்வது சரியில்லை. தோலில் வருவது தோலில் வருவதுதான். கரையில் நிற்கும்போது வந்த படபடப்பு வேறு விஷயம். அது இந்தத் தோல் பிரச்சினையை ஒட்டி, யாரும் நம்பாததால் வளர்ந்தது. இரண்டுமே நிஜம், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

நான் தோல் மருத்துவர் இல்லை, கடிதத்தைப் படித்து நோய்க்குப் பெயர் வைக்கவும் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது மருத்துவ உலகம் அறியாத ஒன்றல்ல என்று சொல்ல முடியும். தண்ணீர் பட்டால் காணாக்கடி போலத் தடிப்பு வருவதை 'அக்வாஜெனிக் அர்டிகேரியா' என்பார்கள். ஷெல்லி, ரான்ஸ்லி என்ற இரண்டு மருத்துவர்கள் 1964-ல் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் பெண்களுக்கு, பருவ வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கும். தடிப்புகள் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் வரும், ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். இதிலேயே இன்னும் அரிதான ஒரு வகையில், சாதாரணத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, உப்புத் தண்ணீர் பட்டால் மட்டும் வரும். அந்த வகையில் தடிப்பு அதிகமாக வருவதாகப் பதிவாகியிருக்கும் இடங்கள் எவை தெரியுமா? தாடை ஓரமும் கழுத்தும்.

ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் முடிவான விடை கிடைக்கவில்லை. தோலின் மேலடுக்கில் உள்ள ஏதோ ஒரு பொருள் தண்ணீரில் கரைந்து உள்ளே இறங்குகிறது, அங்கே இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன, உப்பு இருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கிறது என்பது ஒரு கணிப்பு. தடிப்பும் சிவப்பும் அரிப்பும் அந்த ஹிஸ்டமின் வேலை. நினைப்பால் மட்டும் இதை வரவழைத்துக்கொள்ள முடியாது.

அந்த ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஊசியால் குத்திச் செய்யும் டெஸ்ட் தூசி, மகரந்தம், சில உணவுகள் என்று குறிப்பிட்ட பொருள்களுக்கு அலர்ஜி இருக்கிறதா என்று பார்க்கிறது. அதில் கடல் தண்ணீர் கிடையாது. உங்கள் பிரச்சினையும் அந்த வகை அலர்ஜி போலத் தெரியவில்லை. கேட்காத கேள்விக்கு வந்த 'நார்மல்' அது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் இவ்வளவு நாள் உங்களை மடக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அந்த டாக்டரும் "இந்த டெஸ்டில் இது தெரியாது" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இதற்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் நனைத்த துணியை உடம்பின் மேல்பகுதியில் 20 முதல் 30 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். உப்பு மேல் சந்தேகம் இருந்தால் உப்புக் கரைசலிலும் செய்வார்கள். ஏறக்குறைய நீங்கள் வீட்டில் செய்ததேதான்! ஆனால் இனி வீட்டில் செய்யாதீர்கள். எந்தத் தடிப்பு எந்த அளவுக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் அதை மருத்துவமனையில் செய்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. கடலில் இறங்கினால் தடிப்பு வர வேறு வழிகளும் இருக்கின்றன. ஜெல்லி மீனின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீச்சல் உடைக்குள் மாட்டிக்கொண்டு கொட்டினால் வருவது ஒன்று. அது நாள் கணக்கில் இருக்கும், உங்களுடையதுபோல் மறையாது. குளிர்ச்சி பட்டால் வரும் காணாக்கடி இன்னொன்று. அதில்தான் ஆபத்து அதிகம். குளிர்ந்த நீரில் முழு உடம்போடு இறங்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிட வாய்ப்பிருக்கிறது. ஐஸ் கட்டியை முன்கையில் வைத்துப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இது எது என்று தெரியும் வரை கடலில் இறங்க வேண்டாம். யாருக்கும் நிரூபிப்பதற்காக இறங்கவே வேண்டாம்.

சரி, இப்போது என் துறைக்கு, மனசின் பக்கத்துக்கு வருகிறேன்.

உங்கள் நோய்க்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. பார்ப்பதற்கு ஆள் வருவதற்குள் மறைந்துவிடுகிறது. அதனால் நீங்கள் எந்நேரமும் சாட்சி தேடிக்கொண்டிருக்கிற வழக்கறிஞர் மாதிரி ஆகிவிட்டீர்கள். கழுத்தில் உப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு கணவரைக் கூப்பிட்டது அரிப்புக்கு மருந்து தேடி அல்லவே. அன்று அவர் "ஆமாம், வந்திருக்கிறது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் திரும்பிப் போனது அந்தத் தடிப்பைவிட அதிகமாக வலித்திருக்கும்.

நம்பப்படாமலேயே இருக்கும் ஒருவர் தன் உடம்பை ஓயாமல் கண்காணிக்கத் தொடங்குவார். எங்கே அரிக்கிறது, எங்கே சிவக்கிறது, அடுத்தது எப்போது என்று. அப்படிப் பார்க்கப் பார்க்கப் பயத்தின் எல்லை விரிந்துகொண்டே போகும். கடலில் தொடங்கியது வியர்வைக்கு வந்தது, கண்ணீருக்கு வந்தது, கடைசியில் தண்ணீரே படாமல் நெஞ்சு படபடத்தது. அதைத்தான் நாங்கள் பதற்றத் தாக்குதல் என்கிறோம். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கிவிடும், தடிப்பு வராது. அது வந்ததால் உங்கள் தடிப்பு பொய்யாகிவிடாது. ஒரு முறை நாய் கடித்தவருக்குக் குரைப்புச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும், அதற்காக நாய் கடித்ததே கற்பனை என்று சொல்ல முடியுமா?

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தடிப்போடு சேர்ந்து மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், தலைசுற்றல் வந்தால், அது பயமா நோயா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

பயத்தைப் போக்க "தைரியமாகக் கடலில் இறங்குங்கள்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். பயந்ததை நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் முறை எங்களிடம் உண்டு, நல்ல முறைதான். ஆனால் தீங்கு செய்யாத ஒன்றுக்குப் பயப்படும்போதுதான் அது பொருந்தும். உங்கள் தோலுக்குக் கடல் தண்ணீர் நிஜமாகவே ஒத்துக்கொள்ளவில்லை, அதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். வியர்வையும் கண்ணீரும் அப்படி இல்லை. கடல் நீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, கண்ணீரில் கிட்டத்தட்ட 9 கிராம், வியர்வையில் பொதுவாக அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கைவிட உங்கள் தோல் சொல்வதுதான் பெரிது. இத்தனை வருடத்தில் வியர்வைக்கும் கண்ணீருக்கும் அது ஒரு முறைகூடத் தடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே பயத்தைச் சந்திக்கலாம். நடைப்பயிற்சியை மறுபடி தொடங்குங்கள், முதலில் கொஞ்ச தூரம். வியர்த்ததும் துடைக்காமல் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். அப்புறம், அழுகை வந்தால் அழுங்கள். இவ்வளவு நாள் அடக்கி வைத்ததே உங்களைப் பாதி வாட்டியிருக்கும்.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இது புரியும். "அம்மாவுக்குக் கடல் பிடிக்கும்டா, ஆனா அந்தத் தண்ணி பட்டா அம்மா தோல் அரிக்கும். உனக்கு அப்படி ஆகாது, நீ அப்பாகூட விளையாடு" என்றால் போதும். நீங்கள் பிடிக்காது என்றதால்தான் அவளும் உங்கள் பக்கம் நிற்கிறாள். அது கடல் மேல் வந்த வெறுப்பு இல்லை, உங்கள் மேல் உள்ள பாசம்.

அத்தையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. கணவர் அப்படி இல்லை, அவர் வேண்டும். விவாதம் வேண்டாம். "நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். என்னோடு டாக்டரிடம் வாருங்கள், சோதனை நடக்கும் அந்த அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். முடிவு எப்படி வந்தாலும் "பார்த்தீங்களா?" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்துவிட்டுத் தனியாக நிற்பதில் உங்களுக்கு என்ன லாபம்? அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பாரென்றால் அவருக்கும் ஒன்று: மனைவியை ஆலோசனைக்கு அனுப்ப நினைத்தது நல்ல எண்ணம்தான், ஆனால் சொன்ன காரணம் தவறு.

சிகிச்சையைத் தோல் மருத்துவர்தான் முடிவு செய்வார். வழக்கமாக செட்டிரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையில், அதாவது ஹிஸ்டமின் வேலையைத் தடுக்கும் மாத்திரையில், தொடங்குவார்கள். தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே பெட்ரோலியம் ஜெல்லி பூசிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. பதற்றம் குறையவில்லை என்றால் ஒரு உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். எப்போது, எந்தத் தண்ணீர் பட்டு, எத்தனை நிமிடத்தில் வந்து எப்போது மறைந்தது என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரிப்புக்கு இப்போது ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஆன்டிஹிஸ்டமின் உடம்பில் இருந்தால் சோதனையில் தடிப்பு வராமலே போகலாம், அதனால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு 'நார்மல்' ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வர வேண்டியிருக்கும்.