கம்போடியாவில் கிழிந்த டாலர் நோட்டு கைக்கு வந்தால் என்ன செய்வது?

கம்போடியாவில் அந்நாட்டு நாணயமான ரியலோடு அமெரிக்க டாலரும் புழங்குகிறது. ஆனால் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலே பல கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடமிருந்து அதை அடுத்தவர் வாங்க மாட்டார். அதனால் மீதியாக டாலர் வந்தால் அங்கேயே நின்று, நோட்டை விரித்து, இரண்டு பக்கமும் பாருங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் வேறு நோட்டு கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஏடிஎம் என்றால் வங்கிக் கிளையை ஒட்டியதில், வேலை நேரத்தில் எடுங்கள். கிழிந்தது வந்தால் உள்ளே போய்க் கேட்கலாம்.

சரி, ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? டேப் ஒட்டாதீர்கள், சந்தேகம்தான் கூடும். சில பணமாற்றுக் கடைகள் கொஞ்சம் கழித்துக்கொண்டு வாங்கும். அமெரிக்காவில் அதன் மதிப்பு போகவில்லை: நோட்டில் தெளிவாகப் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் அங்குள்ள வங்கியிலேயே மாற்றலாம்.