நடு ஸ்டம்ப்பை வரவழைத்த தோட்டக்காரர்

கேள்வி: கிரிக்கெட்டில் முன்பு இரண்டே ஸ்டம்ப்தான் இருந்ததாமே? மூன்றாவது யாரால் வந்தது?

பதில்: ‘லம்பி’ என்று எல்லோரும் கூப்பிட்ட எட்வர்ட் ஸ்டீவன்ஸால். இங்கிலாந்தின் சர்ரே பகுதிக்காரர், டாங்கர்வில் பிரபுவிடம் தோட்ட வேலை பார்த்தவர். 1744 விதிகளின்படி ஸ்டம்ப்பின் உயரம் 22 அங்குலம், மேலே குறுக்காக வைக்கும் சின்னக் கட்டையான பெயிலின் நீளம் 6 அங்குலம். அதாவது ஏறத்தாழ 15 செ.மீ. இடைவெளி. பந்தின் குறுக்களவோ சுமார் 7 செ.மீ.தான். குறி தப்பாமல் வந்த பந்து இரண்டு குச்சிக்கும் நடுவே புகுந்து போய்விடும். பெயில் விழாததால் ஆள் அவுட் இல்லை.

1775 மே மாதம் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடிய ஆட்டம். ஹாம்பிள்டன் அணியின் கடைசி ஆள் ஜான் ஸ்மால் இறங்கியபோது வெற்றிக்கு 14 ரன் தேவை. லம்பியின் பந்து மூன்று முறை ஸ்மாலை ஏமாற்றி ஸ்டம்ப்புகளுக்கு நடுவே போனது. மூன்று முறையும் பெயில் அசையவில்லை. ஸ்மால் 14 ரன்னையும் எடுத்து ஜெயித்துவிட்டார். இது அநியாயம் என்று பேச்சு கிளம்பியதில்தான் நடு ஸ்டம்ப் வந்தது. ஆனால் மறுநாளே எல்லா மைதானத்திலும் நட்டுவிடவில்லை, மெல்லத்தான் பரவியது.

கேள்வி: அவர் வீசியது கைக்குக் கீழே, அதாவது கையைத் தோளுக்கு மேல் தூக்காமல். அதில் என்ன புதுமை?

பதில்: அதற்கு முன் பந்தைத் தரையோடு உருட்டினார்கள். அதை அடிக்கத்தான் அந்தக் கால மட்டையும் ஹாக்கி மட்டைபோல அடியில் வளைந்திருந்தது. பந்தைக் காற்றில் விட்டு ஒரே ஒரு முறை தரையில் குத்தவைத்து எழுப்பும் முறை 1760-களையொட்டிப் பழக்கத்துக்கு வந்தபோது, அதில் தேர்ந்த முதல் ஆட்களில் லம்பி ஒருவர். எழும்பி வரும் பந்தை வளைந்த மட்டையால் மறிக்க முடியாது, மட்டையும் நேரானது. (நேர் மட்டையைப் பரப்பியவர்களில் மட்டை செய்யும் தொழில் பார்த்த அதே ஜான் ஸ்மாலும் ஒருவர். அடிபட்டவருக்குத்தானே வலி தெரியும்!)

லம்பியின் இன்னொரு கெட்டிக்காரத்தனம் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. 1774 விதிகள், உள்ளூர் அணி காட்டும் மையத்திலிருந்து 30 கெஜத்துக்குள் ஸ்டம்ப் நடும் உரிமையை வெளியூர் அணிக்குக் கொடுத்தன. லம்பி ஒரு மேடு தேடுவார். பந்து மேட்டைத் தாண்டி இறக்கத்தில் குத்தினால் தரையும் அதன் போக்கிலேயே சரிந்திருப்பதால் எழும்பாது, வழுக்கிக்கொண்டு ஸ்டம்ப்பின் அடியைத் தேடும். ஹாம்பிள்டன் பந்துவீச்சாளர் டேவிட் ஹாரிஸ் நேர்மாறு. ஏற்றத்தில் குத்தவைத்து மட்டையாளரின் விரலுக்கு எழுப்புவார். என் ஓட்டு லம்பிக்கு. எழும்பும் பந்தை விட்டுவிடலாம், தாழ்ந்து வருவதை விட முடியாது.

கேள்வி: சிறுவர்களுக்குக் கைக்குக் கீழே வீசக் கற்றுத்தருகிறேன். பந்து ஒன்று உருள்கிறது, இல்லையென்றால் தரையில் குத்தாமலே போய் ஃபுல்டாஸ் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கோளாறு பந்தை விடும் நேரத்தில். கை முன்னால் வருவதற்குள் விட்டால் பந்து காலடியிலேயே குத்தி உருளும். இடுப்பைத் தாண்டி மேலே போனபின் விட்டால் வளைந்து பறந்து ஃபுல்டாஸ் ஆகும். வலக்கைக்காரர் இடக்காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, கை அந்த முழங்காலைத் தாண்டும்போது விடட்டும். பந்து வீசுபவரின் இடப்பக்கமே போனால் கை உடம்புக்குக் குறுக்கே வருகிறது என்று அர்த்தம். தொடையை உரசிக்கொண்டு நேராக வீசச் சொல்லுங்கள்.

ஸ்டம்ப்புக்கு நாலு மீட்டர் முன்னால் ஒரு கைக்குட்டையை விரித்து அதையே குறியாக்குங்கள். தரையில் கிடக்கும் இறகின் மேல் நாலு பந்தில் ஒன்றையாவது லம்பி போடுவார் என்று பிரபு 100 பவுண்டு பந்தயம் கட்டி ஜெயித்ததாகச் சொல்வார்கள். சிறுவர்களுக்குக் கைக்குட்டை போதும். தூரத்தை முதலில் 12 மீட்டராக வைத்து, பத்தில் ஆறு விழ ஆரம்பித்ததும் இரண்டிரண்டு மீட்டராகக் கூட்டுங்கள். போட்டியில் மட்டும் இரு அணியும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாவிட்டால் இப்படி வீசுவது இன்றைய விதியில் நோ-பால்.