மொட்டை மாடி யாருடையது?

அன்புள்ள ஐயா,

நான் ராயபுரத்தில் வசிக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றில் 11 ஆண்டுகளாக எழுத்தர் வேலை. பள்ளி நாள் முதலே, தொலைவில் விட்டாலும் தன் கூட்டுக்குத் திரும்பிவிடும் ஹோமர் புறா வளர்க்கிறேன். இப்போது மாடியில் 42 பறவைகள் இருக்கின்றன. குடிப்பழக்கமோ சீட்டாட்டமோ எனக்கு இல்லை. ஆனால் தீனிச் செலவையும், துணி காயவைக்க மாடியில் இடமில்லாததையும், சில மாதங்களாக மகளுக்கு இருந்துவரும் இருமலையும் சொல்லி, புறாக்களை விற்றுவிடும்படி மனைவி வற்புறுத்துகிறார். ஒரு மனிதனுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருப்பது நல்லதா, கெட்டதா?

ச., ராயபுரம்

அன்புள்ள ச.,

இருமலிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமான செய்தி அதுதான். நீங்களோ அதைத் தீனிக்கும் துணிக்கும் பின்னால் வைத்திருக்கிறீர்கள். புறாவின் எச்சமும் இறகுத் தூளும் காய்ந்து காற்றில் கலந்து நாள்தோறும் மூச்சோடு உள்ளே போகும்போது, சிலருடைய நுரையீரல் ஒவ்வாமையால் அழற்சி கொள்கிறது. இது கிருமித் தொற்று அன்று. கூண்டைக் கூட்டிப் பெருக்கிய சில மணி நேரத்தில் இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்து பிறகு தாமே தணிந்துவிடுவதால், பலர் இதைச் சளி என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நுரையீரலில் விழும் தழும்பு ஆறுவதில்லை. உங்கள் மகளுக்கு வந்திருப்பது இதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; அவரிடம் போகும்போது மாடியில் 42 புறாக்கள் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நல்லதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சூலூர்பேட்டைவரை கூடையுடன் சென்று பறவையைத் திறந்துவிட்டு, நீங்கள் மின்சார ரயிலில் கொருக்குப்பேட்டையைத் தாண்டுவதற்குள் அது மாடிக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு தரும் மகிழ்ச்சியை எந்தச் சம்பள உயர்வும் தராது. எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது, இன்று காற்று எப்படி இருக்கிறது, பறக்க விடலாமா என்பவையெல்லாம் மேலதிகாரியின் கையொப்பம் தேவைப்படாத முடிவுகள். 11 ஆண்டுகள் பிறர் முடிவுகளைப் பதிவேட்டில் எழுதிவரும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் ‘குடிப்பழக்கமோ சீட்டாட்டமோ எனக்கு இல்லை’ என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். செய்யாத தவறுகளை வரவாக எழுதி, அதற்கு எதிராக வீட்டாரிடம் கடன் வாங்கும் வரி அது. நானும் பல ஆண்டுகள் அதைச் சொன்னவன். இருபத்து நான்கு வயதில் பழைய வண்ணாரப்பேட்டையில், தாழத் தொங்கும் குண்டு பல்பின் கீழே போரிக் பவுடர் மணக்கும் கேரம் பலகையின் முன்னால் என் இரவுகள் கழிந்தன. நள்ளிரவு தாண்டி நான் கதவைத் தட்டும்போதெல்லாம் அக்காதான் எழுந்து வந்து திறப்பாள். தெருவின் அடிகுழாயில் தண்ணீர் ஏறும் விடியற்காலை நான்கு மணிக்குக் குடத்துடன் வரிசையில் நின்றவளும் அவளே. என் ஆட்டத்துக்கு ஒரு காசும் செலவாகவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவளுடைய தூக்கத்திலிருந்து செலவாகிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்க, அவள் மணமாகிப் போன பிறகு நானே குடம் தூக்க வேண்டியிருந்தது. அக்காவுக்குப் பொழுதுபோக்கு என்று ஏதேனும் இருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வடசென்னையில் இப்படியொரு பேச்சு எழுந்தால் வெற்றியாளர்களை உடனே சாட்சிக்கு அழைப்பார்கள். கேரமில் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வண்ணாரப்பேட்டைக் காசிமா என்று வரிசை நீளும். வண்ணமீன் வளர்ப்பு ஒரு தொழிலாகவே நிலைத்துவிட்ட கொளத்தூரையும் காட்டுவார்கள். அவர்கள் யாரும் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒருவருக்கு அது தவம், இன்னொருவருக்குப் பிழைப்பு. அவர்களைக் காட்டி நமது மாடியை நியாயப்படுத்துவது, சொல்லப்போனால், சிறிய ஏமாற்று வேலை. பயன் எதுவும் இல்லாமலே புறா வளர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அதன் விலையை உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மகளை மாடிக்கு அனுப்பாதீர்கள். கூண்டை ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து நீங்களே கூட்டுங்கள். அந்த உடையோடு வீட்டுக்குள் வராமல் கீழே குளித்துவிட்டு வாருங்கள். மருத்துவர் பறவைகளே கூடாது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

அவ்வளவு தூரம் போகவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். வளர்ந்த ஹோமரை விற்றால் வாங்கியவர் திறந்துவிட்ட அன்றே உங்கள் மாடிக்குத் திரும்பிவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்; ‘விற்றுவிடு’ என்று சொல்லும் மனைவிக்கு அதை ஒருமுறையேனும் விளக்கியிருக்கிறீர்களா? இன்னும் வெளியே பறக்காத குஞ்சுகளைப் புதிதாக வளர்ப்பவர்களிடம் கொடுங்கள். பெரியவற்றைப் பூட்டி வைத்து இணை சேர்க்க விரும்பும் பழைய ஆட்களுக்கு விட்டுக்கொடுங்கள். இந்தப் பருவத்தில் கூட்டில் விழும் முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டைகளை வைத்தால் புதுக் குஞ்சுகள் வராது. காலியாகும் கூண்டுகளைப் பிரித்த இடத்தில் துணி காயக் கொடி கட்டுவதா, வேறு எதற்காவது வைத்துக்கொள்வதா என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும்.