விஎன்சி சர்வர் உறைந்து நின்றால் எப்படி நிறுத்துவது? கில் -9 போட்ட பிறகு அதே எண்ணில் திறக்க மறுக்கிறதே?

விஎன்சி என்பது தொலைவில் உள்ள கணினியின் திரையை நம் கணினியில் காட்டும் முறை, அப்படி ஒவ்வொரு திரைக்கும் (டிஸ்ப்ளே) ஓர் எண் உண்டு. உங்கள் லினக்ஸ் சர்வரில் :2 டிஸ்ப்ளே உறைந்துவிட்டது, கில் -9 (கட்டாயமாகக் கொல்லும் கட்டளை) போட்டீர்கள், மறுபடி திறந்தால் அந்த எண்ணில் ஏற்கெனவே ஒன்று ஓடுவதாக வருகிறது. இதில் இரண்டாவது பாதி சுலபம், முதலில் அதை முடித்துவிடலாம்.

விஎன்சி சர்வராக ஓடும் ப்ரோகிராமான எக்ஸ்விஎன்சி தொடங்கும்போது /டெம்ப்/.எக்ஸ்2-லாக் என்ற ஃபைலையும் /டெம்ப்/.எக்ஸ்11-யூனிக்ஸ்/எக்ஸ்2 என்ற சாக்கெட்டையும் உருவாக்கும். முறையாக நிறுத்தினால் தானே அழித்துவிட்டுப் போகும். -9 போட்டால் அந்த அவகாசம் கிடைக்காது, இரண்டும் அப்படியே கிடக்கும். லாக் ஃபைலுக்குள் ஒரு ப்ராசஸ் எண் (ஓடும் ப்ரோகிராமுக்கு லினக்ஸ் தரும் எண்) இருக்கும். அந்த எண்ணில் எக்ஸ்விஎன்சி ஓடவில்லை என்று பிஎஸ் (ஓடுபவற்றைப் பட்டியலிடும் கட்டளை) போட்டு உறுதி செய்துகொண்டு இரண்டையும் அழியுங்கள். வேறொருவருடைய ஃபைல் என்றால் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) வேண்டும்.

இனி, உறைந்த சர்வர். சென்னை தரமணியில் ஒரு சிப் டிசைன் அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம், நகரத்தில் பாதிப் பேருக்குக் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. வீட்டுக்கு லைன் வந்ததும் ஜூனியர் பெண் ஒருத்தி கூப்பிட்டாள்: "அண்ணா, கனெக்ட் ஆகுது, ஆனா கறுப்பாவே இருக்கு." அவசரத்தில் ரூட்டாக நுழைந்து, எக்ஸ்விஎன்சி என்ற பெயரைக் கொடுத்து பிகில் (பெயரை வைத்துக் கொல்லும் கட்டளை) போட்டேன். அந்தப் பெயரில் ஓடிய எல்லாருடைய டிஸ்ப்ளேயும் போயிற்று. நாலு நாளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சிமுலேஷனும் அதில் ஒன்று. அதை ஓட்டிய நண்பரிடம் விஷயத்தைச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

எக்ஸ்விஎன்சி வெறும் படம் அனுப்பும் கருவி அல்ல. அதுவேதான் எக்ஸ் சர்வர், அதாவது விண்டோக்களைத் திரையில் காட்டும் ப்ரோகிராம். அது செத்தால் அதற்குள் திறந்த எல்லா விண்டோவும், டெர்மினலில் ஓடும் வேலையும் சேர்ந்து போகும். அதனால், நிறுத்துவதற்கு முன் அதுதான் உறைந்ததா என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்து, டிஸ்ப்ளேவை :2 என்று வைத்து, அதன் விவரம் கேட்கும் எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ ஓட்டுங்கள். பதில் வந்தால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்த வாரம் அதே பெண்ணுக்கு மறுபடி கறுப்புத் திரை வந்தது, இப்படிப் பார்த்தேன், உடனே பதில் வந்தது. நின்றிருந்தது விண்டோக்களை நிர்வகிக்கும் விண்டோ மேனேஜர். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்பதால் அதன் விண்டோ மேனேஜரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 -ஐ --ரீப்ளேஸ் சேர்த்து ஓட்டினேன், திரை திரும்பிவிட்டது. எதுவும் போகவில்லை.

பதில் வரவில்லையா? /ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் ஸ்டேட்டஸ் ஃபைலைப் பாருங்கள். ஸ்டாப்டு என்றிருந்தால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கில் -கான்ட் போட்டால் எழுந்துவிடும். டிஸ்க் ஸ்லீப்பிலேயே நின்றால் ஸ்டோரேஜுக்காகக் காத்திருக்கிறது. அப்போது -9 கூட எடுபடாமல் போகலாம், என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஸ்டோரேஜ்) பக்கம் என்ன பிரச்சினை என்று பாருங்கள்.

நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த டிஸ்ப்ளேவைத் திறந்த யூசராகவே நுழைந்து விஎன்சிசர்வர் -லிஸ்ட், அப்புறம் விஎன்சிசர்வர் -கில் :2. இந்த -கில் ஹோம் அடைவில் உள்ள, ப்ராசஸ் எண் எழுதிய பிஐடி ஃபைலைத் தேடுகிறது. அந்த ஃபைலின் பெயரில் ஹோஸ்ட்நேமும் (கணினியின் பெயர்) இருப்பதால், இடையில் ஹோஸ்ட்நேம் மாறியிருந்தால் கிடைக்காது. அப்போது போர்ட்டை வைத்துக் கண்டுபிடியுங்கள்: 5900-உடன் டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டினால், :2-க்கு 5902. எஸ்எஸ் கட்டளை அந்த போர்ட்டில் இருக்கும் ப்ராசஸ் எண்ணைக் காட்டும். அதற்கு மட்டும் சாதாரண கில், அதாவது சிக்னல் 15. பத்து விநாடி பொறுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் -9. சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் அமைப்பு) சர்வீஸாக ஓடினால் கில் பக்கமே போகாமல் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுங்கள். ரீஸ்டார்ட் அமைப்பு இருந்தால் நீங்கள் கொன்றதை அது மறுபடி எழுப்பிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது நீண்ட சிமுலேஷன் எதையும் விஎன்சி டெர்மினலில் நேரடியாகத் தொடங்குவதில்லை. டிஸ்ப்ளேவைச் சாராமல் ஓடும் டெர்மினலான டிமக்ஸ் செஷனில் தொடங்குகிறோம். விண்டோ எதுவும் திறக்காத வேலை என்றால், டிஸ்ப்ளே செத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.